சிந்திய சோற்றை யார் துடைத்தது?

ஒரு குழந்தையைச் சோற்றுக்கு முன்னால் உட்கார வைத்தால் என்ன ஆகும் என்பதைத் தமிழில் நுணுக்கமாக எழுதிவைத்த ஆரம்பகால ஆட்களில் ஒருவர் ராஜா. பெயர் பாண்டியன் அறிவுடை நம்பி. புறநானூற்றின் 188ஆம் பாட்டு அவருடையது.

பலரோடு சேர்ந்து உண்ணும் அளவுக்குச் செல்வம் இருந்தாலும், பிள்ளை இல்லாதவர்களுக்கு வாழ்நாளில் பயன் இல்லை என்பது பாட்டின் கருத்து. எனக்கு இதில் உடன்பாடு கிடையாது. பிள்ளை இல்லாமல் நிறைவாக வாழ்கிற நண்பர்கள் பலர் எனக்கு உண்டு. ஆனால் பாட்டின் நடுப்பகுதியை மறுக்க முடியாது. குழந்தை குறுகுறுவென்று நடந்து வருகிறது. சின்னக் கையை நீட்டுகிறது. சோற்றை எடுத்துத் தரையில் போடுகிறது, தொடுகிறது, வாயால் கவ்வுகிறது, கையால் துழாவுகிறது, கடைசியில் நெய்ச்சோற்றை உடம்பெல்லாம் சிதறிக்கொள்கிறது.

இதைக் கற்பனையில் எழுத முடியாது. வரிசை அவ்வளவு சரியாக இருக்கிறது. முதலில் தரை, அப்புறம் வாய், கடைசியில் உடம்பு. எங்கள் வீட்டில் நெய்ச்சோறுக்குப் பதில் தயிர்சாதம், மற்றபடி 2000 வருஷமாக ஒரு படிகூட மாறவில்லை. நான் எழுதும் மென்பொருளில் எதுவும் இரண்டு வருஷம் தாங்குவதில்லை.

பாட்டு இந்தக் காட்சியோடு முடிந்துவிடுகிறது. ஆனால் தரையில் நெய்ச்சோறு கிடக்கிறதே? நெய் சிந்திய தரையை ஒரு தடவை துடைத்தால் போகாது, காலை வைத்தால் வழுக்கும். குழந்தையின் கழுத்து மடிப்பில் பருக்கை ஒட்டியிருக்கும். அதையெல்லாம் யார் சுத்தம் செய்தார்கள்? பாண்டியன் சொல்லவில்லை.

குழந்தைகளின் சேட்டையைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றை இந்த ஒரு கேள்வியோடு திரும்பப் படித்தால் ஒரு வரலாறு கிடைக்கிறது. அது குழந்தைகளின் வரலாறு இல்லை. குழந்தைகள்தான் மாறவே இல்லையே. சேட்டையை எழுதியவர் எவ்வளவு தூரத்தில் நின்றுகொண்டிருந்தார் என்பதன் வரலாறு.

*

முதலில் தூரத்தில் நின்றவர்கள்.

பிள்ளையின் சிறுகை அளைந்த கூழ் அமிழ்தத்தை விட இனியது என்கிறார் வள்ளுவர், மக்கட்பேறு அதிகாரத்தில். அளைந்த கூழ் எந்த நிலையில் இருக்கும் என்று பெற்றவர்களுக்குத் தெரியும். அதை வாயில் வைத்துப் பார்த்த யாரோ ஒருவர் வள்ளுவரிடம் பேசியிருக்க வேண்டும், அல்லது அவரே வைத்திருக்க வேண்டும்.

ஔவையார் புறநானூறு 92இல் மழலையைப் பற்றிச் சொல்வது இன்னும் நேர்மையானது. குழந்தையின் பேச்சு யாழிசையோடு ஒத்துவராது, தாளத்தில் நிற்காது, பொருளும் விளங்காது. ஆனாலும் தந்தைக்கு அருள் சுரக்கிறது. ‘அதியமானே, என் சொல்லும் உனக்கு அப்படித்தான்’ என்று முடிக்கிறார். குழந்தையைப் பாட வந்த பாட்டு இல்லை இது. அரசனின் தயவைப் பாட வந்தபோது, எல்லோருக்கும் தெரிந்த உதாரணமாக மழலை உள்ளே வருகிறது.

இடைக்குன்றூர் கிழார் இன்னும் ஒரு படி மேலே போகிறார். தலையாலங்கானத்துப் போரில் வென்ற பாண்டியன் நெடுஞ்செழியன் மிகவும் இளையவன். எவ்வளவு இளையவன்? கழுத்தில் கட்டிய பிள்ளைத் தாலியை இன்னும் கழற்றவில்லை, பாலை விட்டுச் சோறு தின்றதே இன்றைக்குத்தான் (புறம் 77). போர்க்கள வருணனைக்கு நடுவே ஒரு அம்மாவின் கணக்கு. எப்போது பால் மறந்தது, எப்போது சோறு ஊட்டியது என்று தேதி வைத்திருப்பவர்கள் எந்த வீட்டிலும் ஒன்றிரண்டு பேர்தான். புலவர் அவர்களுடைய அளவுகோலை இரவல் வாங்கி ஒரு ராஜாவை அளக்கிறார்.

இவர்களில் எனக்கு மிகப் பிடித்தவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்து முற்றம் ஒன்றைக் காட்டுகிறார். தானியம் காய்கிறது, கோழி கொத்த வருகிறது. பெண்கள் கையில் கிடைத்ததை எறிகிறார்கள், கிடைப்பதோ காதில் இருக்கும் கனத்த குழை. அந்தக் குழை போய் விழுந்து, சிறுவர்கள் குதிரை இல்லாமல் உருட்டி வரும் மூன்று கால் சிறுதேரின் வழியை மறித்துவிடுகிறது. இந்த ஊருக்குத் தெரிந்த பகையே இவ்வளவுதான் என்கிறார் புலவர். இன்று நிலைமை தலைகீழ். பொம்மைகள்தான் பெரியவர்களின் வழியை மறிக்கின்றன. ராத்திரி இருட்டில் தண்ணீர் குடிக்கப் போய் பிளாஸ்டிக் டைனோசரை மிதித்தவர்களுக்கு அந்தப் பகையின் ஆழம் தெரியும்.

*

இதே புலவர் பெரும்பாணாற்றுப்படையிலும் ஒரு சிறுதேரை வைத்திருக்கிறார். அங்கே வசதியான உழவர் வீடு. தச்சர் வீட்டுப் பிள்ளைகளே பார்த்து ஆசைப்படும்படி செய்த நல்ல தேர். அதை உருட்டி உருட்டித் தளர்ந்த குழந்தை, களைப்புத் தீர செவிலித்தாயைக் கட்டிக்கொண்டு, பால் குடித்து, மெத்தையில் தூங்குகிறது.

ஒரு நிமிஷம் நின்று பார்த்தால் இந்தச் சின்ன இடத்தில் மூன்று வீடுகள் இருக்கின்றன. தேர் வைத்திருக்கும் குழந்தையின் வீடு. அந்தத் தேரைச் செய்யும் குலத்தில் பிறந்தும் அதற்கு ஏங்கும் குழந்தையின் வீடு. மூன்றாவது, செவிலியின் வீடு. அவளுக்குப் பால் சுரக்கிறது என்றால் அவளுக்கும் ஒரு குழந்தை பிறந்திருக்கிறது. அது அப்போது எங்கே, யார் மடியில்? பாட்டில் அதற்கு இடமில்லை. ஆனால் 188ஆம் பாட்டில் இல்லாத ஒன்று இங்கே இருக்கிறது. குழந்தைக்குப் பக்கத்தில் ஒரு வேலையாள் தெரிகிறார்.

என் போனில் மகளின் வீடியோக்கள் ஆயிரத்துக்கு மேல் இருக்கும். பெரும்பாலும் நான் எடுத்தவை. பாப்பா சிரிக்கும், சுவரில் கிறுக்கும், சாம்பாரில் கைவிட்டு அலம்பும். ஓரத்தில் கொஞ்சம் கவனித்தால் ஒரு கை வந்து போகும். சில வீடியோவில் என் மனைவியின் கை, சிலவற்றில் அம்மாவின் கை, சிலவற்றில் வீட்டு வேலைக்கு வரும் அக்காவின் கை. துணியோடு வந்து துடைத்துவிட்டு ஃபிரேமை விட்டு வெளியே போய்விடும். பெரும்பாணாற்றுப்படையின் செவிலி எனக்கு அந்தக் கைதான்.

நற்றிணையின் 110ஆம் பாட்டில் அந்தக் கை முழு ஆளாக முன்னால் வருகிறது. எழுதியவர் போதனார். பணக்கார வீட்டுச் சின்னப்பெண் பால் குடிக்க மாட்டேன் என்கிறாள். தேன் கலந்த பால், பொற்கிண்ணம். செவிலியர் ஒரு கையில் கிண்ணத்தை ஏந்தி, இன்னொரு கையில் பூப்போன்ற நுனி கொண்ட சிறு கோலை ஓங்கி, குடி குடி என்கிறார்கள். அடிக்க ஓங்கிய கோல் இல்லை, சும்மா மிரட்டத்தான். அது அந்தப் பெண்ணுக்கும் தெரியும். கால் சிலம்பு ஒலிக்கத் துள்ளி ஓடுகிறாள். நரைத்து முடி கொட்டிய அந்த வயதான பெண்களால் பின்தொடர முடியவில்லை, மூச்சு வாங்குகிறது. அவள் பந்தலுக்கு ஓடிப்போய் போக்குக் காட்டுகிறாள்.

எனக்குத் தெரிந்தவரை தமிழில் குழந்தைக்கு உணவு ஊட்டும் வேலையின் களைப்பைப் போதனார் அளவுக்குப் பார்த்துச் சொன்னவர் அந்தக் காலத்தில் வேறு யாரும் இல்லை. ஒரு பிடி சோற்றுக்கு மூன்று மாடி ஏறி இறங்கிய அபார்ட்மென்ட் பாட்டிகள் இதைப் படித்தால் ‘ஆமா ஆமா’ என்பார்கள்.

பாட்டு அங்கே நின்றிருந்தால் நல்ல நகைச்சுவை, அவ்வளவே. ஆனால் இதைச் சொல்லும் தாய் இதெல்லாம் முடிந்த பிறகு சொல்கிறாள். அந்தப் பெண் வளர்ந்து, கல்யாணமாகி, இப்போது புகுந்த வீட்டில் இருக்கிறாள். கணவன் குடும்பம் நொடித்துப் போயிருக்கிறது. அப்பா வீட்டின் கொழுத்த சோற்றை அவள் நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை, ஒரு பொழுது விட்டு ஒரு பொழுது சாப்பிடுகிறாள். பால் வேண்டாம் என்று ஓடிய குழந்தைக்கு இந்த அறிவும் ஒழுக்கமும் எங்கிருந்து வந்தன என்று தாய் வியக்கிறாள். அன்றைக்கு விளையாட்டுக்கு வேண்டாம் என்றவள், இன்றைக்கு மானத்துக்கு வேண்டாம் என்கிறாள். சேட்டை தீர்ந்து வீடு அமைதியானதும்தான் சேட்டை கதையாகிறது. நாம் இன்று சிரித்துக்கொண்டே வீடியோவைச் சேமிப்பதற்கும் பின்னால் இந்தப் பயம்தான் இருக்கிறது.

*

குழந்தையின் அடத்தை வைத்து ஒரு குடும்பச் சண்டை எப்படித் தீர்கிறது என்பதை அகநானூறு 66இல் பார்க்கலாம். செல்லூர்க் கோசிகன் கண்ணனார் பாட்டு. தலைவன் புதிதாக ஒருத்தியை மணக்க அலங்காரத்தோடு தேரில் போகிறான். வழி சொந்த வீட்டுத் தெருவில். குட்டிப் பையன் வாசலுக்கு ஓடி வருகிறான். அப்பா தேரை நிறுத்தி இறங்கி, அணைத்துக்கொள்கிறான். ‘சரி, உள்ளே போ’ என்றால் பையன் போவதில்லை, அழுகிறான். வேறு வழியின்றி அவனைத் தூக்கிக்கொண்டு தலைவன் வீட்டுக்குள் வருகிறான்.

மனைவிக்கு இப்போது புதுச் சிக்கல். பையனை வைத்துத் தடுத்தவள் என்று பெயர் வந்துவிடும். அதனால் ‘இவன் உங்களுக்குத் தொந்தரவு கொடுக்கிறான்’ என்று கோலை எடுத்துக்கொண்டு பையனை நோக்கி வருகிறாள். தலைவன் விடவில்லை, பையனை இன்னும் இறுக்கிக்கொள்கிறான். அந்தக் கல்யாண வீட்டின் முழவு ஒலி வந்து வந்து அழைக்கிறது, அவன் போகவே இல்லை.

பெரியவர்கள் பேசித் தீர்க்க முடியாததை ஒரு குழந்தை இடுப்பைக் கட்டிக்கொண்டு தீர்த்துவிட்டது. ஆபீஸ் கிளம்பும் நேரத்தில் காலைக் கட்டிக்கொள்ளும் இரண்டு வயதுக் கைகளின் பிடியை அறிந்தவர்களுக்கு, தலைவன் ஏன் தோற்றான் என்று விளக்க வேண்டியதில்லை. தலைவி கோல் எடுத்தது நடிப்பு. அதற்கு அடியில் இருக்கும் அவமானம் நடிப்பில்லை. இதைத் தோழியிடம் சொல்லும்போது அவள் சிரித்திருப்பாள் என்றே நினைக்கிறேன்.

*

இதுவரை வந்தவர்கள் குழந்தையைப் பார்த்தவர்கள், அல்லது குழந்தையோடு ஓடியவர்களைப் பார்த்தவர்கள். தூக்கி வைத்திருக்கும் ஆளே வாய் திறந்து பேச நாம் சில நூற்றாண்டுகள் தாண்டி வர வேண்டும், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு.

பெரியாழ்வார் 9ஆம் நூற்றாண்டை ஒட்டியவர். துளசித் தோட்டத்தில் ஒரு பெண் குழந்தையைக் கண்டெடுத்து வளர்த்தார், அவள்தான் ஆண்டாள் என்பது வைணவ மரபு சொல்லும் கதை. அந்தக் கதையை ஒரு கணம் ஏற்றுக்கொண்டு அவருடைய திருமொழியைப் படித்தால், கண்ணனைப் பற்றி யசோதை சொல்வதெல்லாம் ஏன் இவ்வளவு துல்லியமாக இருக்கிறது என்பது புரிந்த மாதிரி இருக்கும்.

முதல் பதிகத்திலேயே புகார் வந்துவிடுகிறது. தொட்டிலில் போட்டால் கிழிய உதைக்கிறான், எடுத்தால் இடுப்பை ஒடிக்கிறான், அணைத்தால் வயிற்றில் பாய்கிறான். எனக்குத் தெம்பில்லை, மெலிந்து போனேன் என்கிறாள் யசோதை. பரம்பொருளைப் பற்றிப் பேசும் நூலில் ஒரு அம்மாவின் இடுப்பு வலி.

அடுத்து அம்புலி. சந்திரனைப் பார்த்து, ‘என் பிள்ளை கை நீட்டிக் கூப்பிடுகிறான், வா’ என்கிறாள். கூப்பிடுகிற வாயில் எச்சில் ஊறி வழிகிறது, சொல் தெளியவில்லை. சின்னவன் என்று நினைத்துவிடாதே, மாபலியைப் போய்க் கேள் என்று மிரட்டுகிறாள். இத்தனைக்கும் நடுவில் உண்மைக் காரணம் வெளிவருகிறது. அவன் கொட்டாவி விடுகிறான், இப்போது தூங்காவிட்டால் குடித்த பால் செரிக்காது. அவ்ளோதான் விஷயம். நிலாவும் மாபலியும் ராத்திரி பதினொரு மணிக்குக் குழந்தையைத் தூங்கவைக்க ஒரு தாய் கையில் எடுக்கும் சாமான்கள்.

குளிப்பாட்டும் பதிகத்தை எங்கள் வீட்டில் யாராவது எழுதியிருப்பார்களோ என்று சந்தேகம் வரும். உடம்பெல்லாம் வெண்ணெய் வாடையும் புழுதியும், இப்படியே ராத்திரி படுக்க விடமாட்டேன் என்கிறாள். எண்ணெயும் புளிப்பழமும் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரமாக உட்கார்ந்திருக்கிறேன் என்கிறாள். வேலைக்காகவில்லை. கன்றுகளின் காதில் கட்டெறும்பைப் பிடித்துப் போடுகிறாயே, அவை மிரண்டு ஓடித் தொலைந்து போனால் எப்படி வெண்ணெய் விழுங்குவாய் பார்க்கிறேன் என்கிறாள். அதற்கும் மசியவில்லை. அப்பமும் சிற்றுண்டியும் செய்து வைத்திருக்கிறேன், குளித்தால் தின்னலாம் என்கிறாள். கடைசி அஸ்திரம்: புழுதி பூசிய உன் உடம்பைப் பார்க்க எனக்கு ஆசைதான், ஆனால் ஊர் பழிக்கும், நப்பின்னை பார்த்தால் சிரிப்பாள். கெஞ்சல், மிரட்டல், லஞ்சம், மானம். இன்று குழந்தை வளர்ப்புப் புத்தகங்கள் செய்யாதே என்று சொல்லும் அத்தனையும் இந்த ஒரு பதிகத்தில் இருக்கின்றன.

ஆய்ப்பாடிப் பெண்கள் யசோதையிடம் கொண்டுவரும் புகார்களில் ஒன்று எனக்கு நிரந்தர ஆறுதல். வெண்ணெயை விழுங்கிவிட்டு, காலிப் பானையைக் கல்லில் போட்டு உடைத்து, அந்தச் சத்தத்தைக் கேட்டு மகிழ்கிறானாம். திருட்டுக்குப் பசி காரணம். பானையைப் போட்டதற்குச் சத்தம் மட்டும்தான் காரணம். எவர்சில்வர் டம்ளரை மேஜையிலிருந்து தள்ளிவிட்டு, அது உருண்டு ஓயும் வரை தலையைச் சாய்த்துக் கேட்டு, ‘இன்னொண்ணு’ என்று கை நீட்டும் எந்தக் குழந்தையும் ஆய்ப்பாடிக்குப் போய்வந்த குழந்தைதான்.

*

பெரியாழ்வார் காட்டிய வழி பிறகு பிள்ளைத்தமிழ் என்ற தனி இலக்கிய வகையாக வளர்ந்தது. பத்துப் பருவங்கள். காப்பு 3ஆம் மாதம், செங்கீரை 5ஆம் மாதம் என்று தொடங்கி 21ஆம் மாதம் சிறுதேரில் முடியும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. பெண்பாலுக்குக் கடைசி மூன்று பருவங்கள் மாறும்: கழங்கு, அம்மானை, ஊசல். தலை நிற்பது, கை தட்டுவது, முத்தம் தருவது, நடந்து வருவது என்று வரிசைப்படுத்திய இந்தப் பட்டியல், குழந்தை மருத்துவர் கொடுக்கும் தடுப்பூசி அட்டையின் பின்பக்கத்தை நினைவுபடுத்தும்.

இதில் முதல் பருவம் காப்பு என்பதைக் கவனிக்க வேண்டும். கொஞ்சுவதற்கு முன்னால், தெய்வங்களே இந்தப் பிள்ளையைக் காப்பாற்றுங்கள் என்ற வேண்டுதல். இறந்து பிறந்த குழந்தையைக்கூட வாளால் கீறிப் புதைக்கும் மறக்குடி வழக்கத்தைப் புறநானூறு 74 பதிவுசெய்கிறது. அப்படி ஒரு வழக்கமே தேவைப்படும் அளவுக்குப் பிள்ளைச் சாவு வீட்டுக்குள் இருந்த உலகம் அது. பிள்ளைத்தமிழின் சிரிப்பெல்லாம் அந்தக் காப்புக்குப் பிறகுதான் தொடங்குகிறது.

தனி நூலாக இன்று நமக்குக் கிடைப்பவற்றில் மிகப் பழையது 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ். இரண்டாம் குலோத்துங்கன் சோழப் பேரரசன், கூத்தருக்குச் சம்பளம் தருபவன். அவனைக் குழந்தையாக்கிச் சப்பாணி கொட்டச் சொல்கிறார் புலவர். அப்ரைசல் நேரத்தில் மேனேஜரைப் பார்த்துக் ‘கை தட்டு கண்ணே’ என்று பாடும் துணிச்சல் நம்மில் யாருக்கு வரும்? பிறகு முருகனுக்கு, மீனாட்சிக்கு, நபிகள் நாயகத்துக்கு, தலைவர்களுக்கு என்று பிள்ளைத்தமிழ் பெருகியது. அம்புலிப் பருவம்தான் புலவர்களுக்கு மிகக் கடினம் என்பார்கள். சாம, தான, பேத, தண்டம் நான்கையும் போட்டு நிலாவை அழைக்க வேண்டும். ராஜதந்திரம் முழுவதும் ஒரு குழந்தையின் விளையாட்டுத் துணைக்காக.

குமரகுருபரரின் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் போன்ற நூல்களின் சொல்லழகை எழுந்து நின்று வணங்கலாம். ஆனால் பெரியாழ்வாரிலிருந்து இங்கே வரும்போது ஏதோ ஒன்று குறைகிறது. புழுதி குறைகிறது. குழந்தை அணிமணிகளோடு மின்னுகிறது, எச்சில்கூட அமுதாகவே வழிகிறது. பானை உடைந்த சத்தம் கேட்பதில்லை. யசோதையின் இடுப்பு வலியும் போய்விட்டது.

*

அந்த இடுப்பு வலி போன இடம் தாலாட்டு.

புலவர்கள் பருவம் பிரித்துப் பாடிக்கொண்டிருந்த அதே நூற்றாண்டுகளில், எழுத்தறியாத பெண்கள் தூளியை ஆட்டிக்கொண்டு பாடினார்கள். நா. வானமாமலை போன்றவர்கள் 20ஆம் நூற்றாண்டில் தொகுக்கும் வரை பெரும்பாலானவை ஏட்டில் ஏறவில்லை. எல்லோருக்கும் தெரிந்த ஒரு அமைப்பு உண்டு. குழந்தை அழுகிறது, யார் அடித்தார்கள் என்று விசாரணை தொடங்குகிறது. அத்தையா, மாமாவா, பாட்டியா என்று உறவுகள் ஒவ்வொன்றாகச் சந்தேகப் பட்டியலில் வரும். ஆயுதம் பூச்செண்டு. குழந்தைக்கு அடியும் விழவில்லை, ஒன்றும் ஆகவில்லை, தூக்கம் வந்து அழுகிறது. பாடுபவளுக்கும் அது தெரியும். ஆனால் அத்தை என்றால் அவளுடைய நாத்தனார். பாட்டி என்றால் மாமியார். நேராகக் கேட்க முடியாத கேள்வியைத் தூளிக்குள் இருக்கும் ஆளிடம் கேட்கிறாள். பிறகு தாய்மாமன் வருவான், வெள்ளிச் சங்கு கொண்டு வருவான், வளையல் கொண்டு வருவான் என்று பிறந்த வீட்டுப் பெருமை. அந்த அண்ணன் நிஜத்தில் வந்தானா என்பது வேறு விஷயம்.

பகல் முழுக்க நாற்று நட்டு, களை எடுத்து, வந்து உலை வைத்து, சிந்தியதைத் துடைத்த ஆள் இவள்தான். பாண்டியன் பாட்டு முடிந்த இடத்தில் குனிந்து வேலையைத் தொடங்கியவள். அறிவுடை நம்பிக்குப் பட்டமும் பெயரும் இருக்கின்றன, போதனாருக்கும் கூத்தருக்கும் பெயர் இருக்கிறது. தாலாட்டுக்கு எழுதியவர் பெயர் கிடையாது. ஆனால் குழந்தை தூங்கிப்போன பிறகும் அந்தப் பாட்டு சட்டென்று நிற்பதில்லை, இன்னும் நாலு அடி ஓடும். அந்த நாலு அடி குழந்தைக்கு இல்லை. திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை மென்றபடி கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு.